வடகிழக்கு மாகாண சபைத் தேர்தல், 1988: இந்தியா கடல் கடந்து கொண்டுபோன ஜனநாயகம்

ஒரு நாடு தன் எல்லைக்கு வெளியே ஜனநாயகம் தழைக்க வேண்டும் என்று ஏன் மெனக்கெடுகிறது? மதுரையில் அரசியல் அறிவியல் வகுப்பில் இந்தக் கேள்வியை எடுத்தால் மாணவர்கள் உடனே அமெரிக்காவையும் ஈராக்கையும் சொல்வார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1988 நவம்பர் 19 அன்று, ராமேஸ்வரத்துக்கு அக்கரையில், இந்தியப் படை காவல் நிற்க ஒரு தேர்தல் நடந்தது. இலங்கையின் வடகிழக்கு மாகாண சபைத் தேர்தல் அது. ஜனநாயகத்தை வெளியுறவுக் கொள்கையின் கருவியாக எடுத்தபோது இந்தியா என்ன எண்ணியது, எது கைகூடியது, எது கைநழுவியது என்பதெல்லாம் அந்த ஒரு நிகழ்விலேயே கிடைக்கிறது. அதன் பின்விளைவைச் சுமந்தவர்கள் இன்றும் மதுரையைச் சுற்றி ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் முகாம்களில் குடியிருக்கிறார்கள். எட்ட நின்று எழுத என்னால் முடியவில்லை.

நடந்தது

1983 ஜூலையில் கொழும்பிலும் பிற ஊர்களிலும் தமிழர்கள் தேடித் தேடிக் கொல்லப்பட்டார்கள். அகதிகள் படகேறி வந்தார்கள். தமிழ்நாடு கொதித்தது. 1986 மே 4 அன்று தமிழீழ ஆதரவாளர் அமைப்பான டெசோ மதுரையில் மாநாடு கூட்டியது. கருணாநிதி அழைக்க, வாஜ்பாய், என்.டி.ராமாராவ் போன்ற அகில இந்தியத் தலைவர்கள் வந்தார்கள். ஈழப் பிரச்சினை தமிழ்நாட்டுக்குள் அடங்கும் விஷயம் இல்லை என்பது டெல்லிக்கு மதுரையிலிருந்து போன செய்தி. அப்போது எம்.ஜி.ஆர். முதலமைச்சர், காங்கிரசின் கூட்டாளி. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டும் ஒரே பக்கம் நின்று கேட்கும்போது மத்திய அரசு சும்மா இருக்க முடியாது.

1987 ஜூன் 3 அன்று ராமேஸ்வரத்திலிருந்து உணவுப் பொருள் ஏற்றிப்போன படகுகளை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பியது. மறுநாள் இந்திய விமானப் படை யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து பொட்டலங்களைப் போட்டது. எட்டு வாரத்தில், ஜூலை 29 அன்று, ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர்.ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரே மாகாணமாகும். தேர்ந்தெடுக்கப்பட்ட சபையும் முதலமைச்சரும் வருவார்கள். 1988 முடிவதற்குள் கிழக்கில் இணைப்பு பற்றி வாக்கெடுப்பு நடக்கும், தேவைப்பட்டால் ஜனாதிபதி அதைத் தள்ளிவைக்கலாம். இதையெல்லாம் நிறைவேற்றித் தருவதற்கு இந்தியா உத்தரவாதம் அளித்தது. அந்த உத்தரவாதம் ஒப்பந்தத்தில் எழுத்திலேயே இருக்கிறது. ஆனால் தமிழர் தரப்பில் ஒருவர்கூட அதில் ஒப்பமிடவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அக்டோபரில், ஒப்பந்தத்தை நிறைவேற்றப் போன இந்திய அமைதிப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. நவம்பரில் இலங்கை நாடாளுமன்றம், மாகாண சபைகளை உருவாக்கும் 13ஆவது அரசமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. அதற்கு முன் அந்த மசோதா உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில்தான் தப்பியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் மாகாணங்கள் இணைக்கப்பட்டன, நவம்பரில் தேர்தல் வந்தது. புலிகள் புறக்கணித்தார்கள். தமிழர் விடுதலைக் கூட்டணி ஒதுங்கிக்கொண்டது. வடக்கின் 36 இடங்களுக்கும் போட்டியே இல்லை. இந்தியாவின் ஆதரவு பெற்ற தமிழ் இயக்கங்களான ஈ.பி.ஆர்.எல்.எஃப்., ஈ.என்.டி.எல்.எஃப். இரண்டும் அவற்றைப் பங்கிட்டுக்கொண்டன. கிழக்கின் 35 இடங்களில் மட்டும் உண்மையான போட்டி இருந்தது: ஈ.பி.ஆர்.எல்.எஃப். 17, முஸ்லிம் காங்கிரஸ் 17, ஐக்கிய தேசியக் கட்சி 1. டிசம்பர் 10 அன்று ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர்களில் ஒருவரான வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார். தலைநகர் திருகோணமலை.

சபை பதினாறு மாதம்கூட நிலைக்கவில்லை. பிரேமதாசா ஜனாதிபதியானதும் இந்தியப் படை வெளியேற வேண்டும் என்றார். புலிகளோடு பேசினார், அவர்களுக்கு ஆயுதமும் கொடுத்தார். சபையைக் காக்க ஒரு படை வேண்டும் என்று 1989இல் இளைஞர்களை வலுக்கட்டாயமாகப் பிடித்துச் சேர்த்தார்கள். 'பிள்ளை பிடி' என்று மக்கள் அதை இன்றும் கசப்போடு சொல்கிறார்கள். ஒரு மாகாண அரசு தன்னைத் தேர்ந்தெடுத்த மக்களின் பிள்ளைகளையே பறித்துப் படை திரட்டியது என்றால், வாக்குச்சாவடியில் கிடைத்த ஒப்புதல் அத்தோடு போய்விட்டது என்றுதான் பொருள். 1990 மார்ச் 1 அன்று பெருமாள் சபையில் தனிநாட்டுப் பிரகடனத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். மார்ச் 24 அன்று கடைசி இந்திய வீரர்கள் கப்பலேறினார்கள். பெருமாளும் இந்தியா வந்து சேர்ந்தார். அந்த முயற்சியில் உயிர்விட்ட இந்திய வீரர்கள் சுமார் 1,200 பேர். இறந்த ஈழத் தமிழர்கள் அதைவிடப் பலர்.

டெல்லியின் கணக்கு

வெளிநாட்டில் ஜனநாயகம் வளர்ப்பதற்கு நாடுகள் சொல்லும் காரணங்கள் பழையவை. குடியரசுகள் தமக்குள் போர் செய்யத் தயங்கும் என்று ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட் 1795இல் எழுதினார். உலகம் ஜனநாயகத்துக்குப் பாதுகாப்பான இடமாக வேண்டும் என்று சொல்லித்தான் ஜனாதிபதி வில்சன் 1917இல் அமெரிக்காவைப் போருக்குள் இட்டுச் சென்றார். பனிப்போரின் நடுவே 1983இல் அமெரிக்கா இதற்கென்றே தேசிய ஜனநாயக நிதியத்தைத் தொடங்கியது. ஜெர்மனியின் கட்சிகள் தம் அறக்கட்டளைகள் வழியாக ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் புதிய கட்சிகளைத் தூக்கிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 1993இல் கோபன்ஹேகனில் ஜனநாயகம் இருந்தால்தான் உறுப்பினர் ஆகலாம் என்று நிபந்தனை வைத்தது. நம்பிக்கை, பாதுகாப்பு, வணிகம், செல்வாக்கு எல்லாம் இவற்றில் கலந்தே இருக்கும். எந்த விகிதத்தில் கலந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் ஆய்வு செய்பவரின் வேலை.

1987இல் இந்தியாவின் விகிதத்தை அறிய ஒரு நல்ல சான்று இருக்கிறது. ஒப்பந்தத்தோடு இரு தலைவர்களும் கடிதங்கள் மாற்றிக்கொண்டார்கள். அவற்றில் மாகாண சபை பற்றிப் பேச்சில்லை. இலங்கையில் வெளிநாட்டு ராணுவ, உளவு ஆட்கள் இருப்பது பற்றிப் புரிந்துணர்வு வேண்டும். திருகோணமலைத் துறைமுகமோ வேறு எந்தத் துறைமுகமோ இந்திய நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் ராணுவத்துக்கும் தரப்படக் கூடாது. திருகோணமலை எண்ணெய்க் குதங்களை (சேமிப்புத் தொட்டிகளை) இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைக்கும். வெளிநாட்டு வானொலிகளோடு இலங்கை செய்துகொண்ட உடன்பாடுகள் மறுபரிசீலனைக்கு வரும். கடிதங்களின் சாரம் இதுதான்.

இதைப் படித்துவிட்டு இந்தியாவுக்கு ஜனநாயகத்தில் அக்கறையே இல்லை, எல்லாம் துறைமுகத்துக்காக என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ராஜீவ் அரசுக்கு ஒரு முறை மீது உண்மையான நம்பிக்கை இருந்தது. 1985 ஜூலையில் பஞ்சாப் ஒப்பந்தம், ஆகஸ்டில் அசாம் ஒப்பந்தம், 1986 ஜூனில் மிசோரம் ஒப்பந்தம். அசாமில் போராட்டக்காரர்கள் கட்சி தொடங்கித் தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்தார்கள். மிசோரமில் இருபது ஆண்டு ஆயுதம் ஏந்திய இயக்கத்தின் தலைவர் லால்டெங்கா முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்தார். போராளியைக் கூப்பிட்டுப் பேசு, மாநிலம் கொடு, தேர்தல் வை, அமைதி வரும். இந்த வழி மிசோரமில் பலித்ததை டெல்லி கண்ணால் பார்த்திருந்தது. 13ஆவது திருத்தத்தின் அதிகாரப் பட்டியல்கள் நம் அரசமைப்பின் மாநிலப் பட்டியலையும் பொதுப் பட்டியலையும் ஒத்திருப்பது தற்செயல் இல்லை.

மிசோரமுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே இருந்த வேறுபாட்டை டெல்லி குறைத்து மதிப்பிட்டது. மிசோரமில் வாக்குக் கொடுத்ததும் அதிகாரத்தைக் கொடுத்ததும் ஒரே கை. இலங்கையில் உத்தரவாதம் கொடுத்தது டெல்லி. காணியும் (நிலமும்) காவல்துறையும் நிதியும் கொழும்பின் பெட்டியில் இருந்தன. மாகாணத்தின் ஆளுநரை ஜனாதிபதியே நியமிப்பார். நிறைவேற்று அதிகாரம் ஆளுநர் வழியாகத்தான் ஓடும். தேர்தலை இந்தியாவால் நடத்திவைக்க முடிந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் கையில் ஆட்சியைக் கொடுக்க முடியவில்லை.

உசிலம்பட்டியிலிருந்து பார்த்தால்

இந்த வேறுபாட்டை விளக்க மதுரை மாவட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஊராட்சித் தேர்தலையும் அதில் இட ஒதுக்கீட்டையும் கட்டாயமாக்கிய இந்திய அரசமைப்பின் 73ஆவது திருத்தத்துக்குப் பிறகு 1996இல் உசிலம்பட்டிப் பகுதியின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சித் தலைவர் பதவிகள் பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டன. விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தலிலும் அப்படியே. அங்கே தலைவர் பதவி பத்து ஆண்டு செயல்படவே இல்லை. வேட்புமனு போட ஆள் வராது. வந்தால், ஆதிக்கச் சாதியினர் சொல்லி நிறுத்திய ஆளாக இருப்பார்; வென்ற கையோடு ராஜினாமா கடிதம் கொடுத்துவிடுவார். மேலூர்ப் பக்கம் மேலவளவில் இதைவிடக் கொடுமை நடந்தது. ஒதுக்கப்பட்ட பதவியில் வென்ற தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

இதுவும் வெளியிலிருந்து வந்த ஜனநாயகம்தான். சட்டம் டெல்லியில் எழுதப்பட்டது, ஊர் அதை ஏற்கவில்லை. ஆனால் சென்னையிலும் மதுரையிலும் அரசு விலகிப்போக வழியில்லை. அரசமைப்பு அப்படிக் கட்டிப்போட்டிருந்தது. தேர்தல் முடங்கினால் மறுபடி அறிவிப்பு, மறுபடி முடங்கினால் மறுபடி அறிவிப்பு. இயக்கங்களும் கட்சிகளும் விடாமல் குரல் கொடுத்தன. 2006இல் மாவட்ட ஆட்சியர் உதயசந்திரன் காலத்தில் ஊர்க்காரர்களோடு பேசிப் பேசிக் கடைசியில் நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்து, தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் பாப்பாபட்டி கிராம சபையில் வந்து உட்கார்ந்தபோது, அந்த ஊர் தலைநகரத்தின் கவனத்துக்கு உரிய ஊராகிவிட்டிருந்தது. சாதிப் பாகுபாடு அங்கே தீர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை. பதவி நிஜமானது, அவ்வளவுதான். அந்த அளவுக்கே ஒரே அரசமைப்பின் கீழ் பத்து ஆண்டு தேவைப்பட்டது.

கடலுக்கு அக்கரையில் இந்தியாவுக்கு அந்தப் பத்து ஆண்டும் இல்லை, அந்த அரசமைப்பும் இல்லை. இருந்தது படை. படை ஊருக்குள் வந்த சில மாதங்களில் விருந்தாளி என்ற பெயர் போய் ஆக்கிரமிப்பாளர் என்ற பெயர் வந்துவிட்டது. சுட்டவர்கள் காவல் நிற்கும் வாக்குச்சாவடியில் போடும் வாக்குக்கு என்ன மதிப்பு என்று மக்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

திருவாதவூர் முகாமில் கேட்டது

திருவாதவூர் முகாமில் மூதூர்ப் பக்கத்திலிருந்து 1990இல் வந்த ஒரு அம்மாவைச் சந்தித்தேன். அன்றைக்கு 'செக்கிங்'. பணக்கொடை பெறும் குடும்பங்களின் பதிவைச் சரிபார்க்க வருவாய்த் துறை ஆட்கள் வந்திருந்தார்கள். வெயிலில் வரிசை நின்றது. கையில் அட்டையை மடித்து வைத்திருந்த அவரிடம், எண்பத்தெட்டுத் தேர்தலில் வாக்குப் போட்டீர்களா அம்மா என்று கேட்டேன்.

"போட்டனாங்கள் தம்பி. இந்தியன் ஆமி பள்ளிக்கூட வாசலில நிண்டவன். போடாதயுங்கோ எண்டு சொன்ன ஆக்களும் இருந்தவை. பயம்தான். ஆனா எங்கட ஆக்கள் ஆளப்போயினம் எண்டு ஒரு எண்ணம் இருந்தது."

சபை வந்து என்ன செய்தது என்றேன்.

"கந்தோர் (அலுவலகம்) திறந்தவை. போர்டு மாட்டினவை. காணிப் பிரச்சினை எண்டு போனா, கொழும்புக்கு எழுதியிருக்கு, பொறுங்கோ எண்டு சொல்லுவினம். பிறகு பெடியளைப் பிடிக்கத் தொடங்கிட்டினம்."

வரிசை நகர்ந்தது, அவரும் நகர்ந்தார். அவர் சொன்னதில் காணி என்ற ஒரு சொல்லுக்குள் அந்தத் தேர்தலின் குறை முழுவதும் இருக்கிறது. கிழக்கில் யார் எங்கே குடியேறலாம் என்பதுதான் பல பத்தாண்டுகளாக நடக்கும் தகராறு. நிலம் பற்றிய முடிவு சபையின் கையில் இல்லாதபோது, வாக்களித்தவர்களுக்கு அந்தச் சபையால் ஆகக்கூடியது என்ன?

அவருக்கு இப்போது எந்த நாட்டிலும் வாக்கு இல்லை என்பதையும் இங்கே எழுத வேண்டும். தமிழ்நாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் இப்படி இருக்கிறார்கள். 2021இல் மாநில அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மாற்றி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று ஆக்கியது. புது வீடுகள் கட்டப்படுகின்றன, அது நல்ல காரியம். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1987 ஜூலைக்கு முன் மண்டபம் முகாமில் பிறந்த ஒருவர் பிறப்பால் இந்தியக் குடிமகள்தான் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் ஏற்றுக்கொண்டு பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. அந்தத் தேதிக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தக் கதவும் திறக்காது.

கடிதங்கள் ஒரு வழி, சபை ஒரு வழி

1991 மே மாதத்தில் ராஜீவ் கொல்லப்பட்ட பிறகு இந்தியா இலங்கை விஷயத்திலிருந்து வெகுதூரம் விலகியது. மாகாண சபைச் சட்டம் மட்டும் இலங்கையின் அரசமைப்பில் தங்கிவிட்டது. 2006 அக்டோபரில் இலங்கை உச்ச நீதிமன்றம் வடகிழக்கு இணைப்பு செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2007 தொடக்கத்தில் இரண்டும் பிரிந்தன. போர் முடிந்து நான்கு ஆண்டு கழித்து, டெல்லியின் வற்புறுத்தலும் சேர்ந்து, 2013 செப்டம்பர் 21 அன்று வடக்கில் முதல் தனித் தேர்தல் நடந்தது. 38 இடங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்றது, விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். அப்போது ஆளுநராக இருந்தவர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. 2018 அக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. 2019க்குப் பிறகு இலங்கையின் ஒன்பது மாகாணங்களில் ஒன்றிலும் மக்கள் தேர்ந்தெடுத்த சபை இல்லை. தொகுதி மறுசீரமைப்பைக் காரணம் காட்டித் தேர்தல் தள்ளிக்கொண்டே போகிறது.

இடையில் தமிழ்நாட்டின் அழுத்தம் ஒருமுறை வெளியுறவுக் கொள்கையை அசைத்தது. ஐ.நா. மனித உரிமைகள் மன்றத்தில் இலங்கை குறித்து அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானத்துக்கு 2012இலும் 2013இலும் இந்தியா ஆதரவாக வாக்களித்தது. 2013 மார்ச்சில் மதுரை உட்படப் பல ஊர்களில் கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், தி.மு.க. மத்திய ஆட்சியிலிருந்து விலகியது. 2014இல் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. உள்நாட்டு வாக்காளர் விழித்திருக்கும்வரைதான் வெளிநாட்டு ஜனநாயகத்தில் அரசுக்கு அக்கறை நிற்கிறது என்பதை இந்த மூன்று ஆண்டும் காட்டுகின்றன. இதில் அரசைக் குறை சொல்லி என்ன பயன்? மாணவர்களிடம் இதை நான் ஒரு வாய்ப்பாகவே சொல்கிறேன்.

1987 கடிதங்களில் இருந்த கோரிக்கைகளின் கதையோ வேறு. திருகோணமலையின் 99 எண்ணெய்க் குதங்கள் பற்றி 2022 ஜனவரியில் ஒப்பந்தம் ஆனது. 14 குதங்கள் இந்தியன் ஆயிலின் இலங்கை நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 கூட்டு நிறுவனத்துக்கு. அதே ஆண்டு இலங்கைப் பொருளாதாரம் நொறுங்கியபோது இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. 2025 ஏப்ரலில் பிரதமர் மோடி கொழும்பு சென்றபோது பாதுகாப்பு ஒத்துழைப்புக்கும், ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்துத் திருகோணமலை எரிசக்தி மையத்துக்கும் உடன்பாடுகள் கையெழுத்தாயின. மாகாண சபைத் தேர்தல் நடக்கும் என்ற நம்பிக்கையையும் அவர் தெரிவித்தார். 2024 டிசம்பரில் ஜனாதிபதி திசாநாயக்க டெல்லி வந்தபோதும் அதே நம்பிக்கை தெரிவிக்கப்பட்டது.

உடன்பாடு துறைமுகத்துக்கும் எண்ணெய்க்கும், நம்பிக்கை தேர்தலுக்கு. முப்பத்தெட்டு ஆண்டில் இந்த வரிசை மாறவில்லை. 1987இல் படையை அனுப்பியது தவறு என்று இன்று டெல்லியிலும் பலர் ஒப்புக்கொள்வார்கள்; மறுபடி படை அனுப்ப யாரும் கேட்கவில்லை. ஆனால் எழுத்தில் உத்தரவாதம் கொடுத்த நாடு, பணமும் கடனும் கொடுக்கும் நாடு, தேர்தல் தேதியையும் காணி, காவல் அதிகாரங்கள் கைமாறும் கால அட்டவணையையும் எரிசக்தி ஒப்பந்தத்தோடு ஒரே மேசையில் வைத்துப் பேசலாம். கோபன்ஹேகனில் ஐரோப்பா செய்தது அதுதான். தமிழ்நாட்டிலிருந்து நாடாளுமன்றம் போகும் 39 மக்களவை உறுப்பினர்களும் இதைக் கட்சி வேறுபாடு பாராமல் கேட்க வேண்டும். கேட்கும்போதே, ஆனையூரிலும் உச்சப்பட்டியிலும் திருவாதவூரிலும் இருப்பவர்களில் இங்கேயே இருக்க விரும்புவோருக்குக் குடியுரிமையும் அதோடு வாக்கும், திரும்ப விரும்புவோருக்குக் காணியும் என்று இரண்டு தரப்புக்கும் எழுத்தில் வழி கேட்க வேண்டும்.